நாற்பத்தொரு சுற்று

நாற்பத்தொன்றாவது சுற்றில் என் திருகு உறைந்த குளத்தின் பனிக்கட்டியைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது. தூண்டில் விட ஓட்டை போடும் கைத்திருகு. மேலே ஒரு குமிழ், நடுவில் வளைந்த பிடி, கீழே இரண்டு கத்தி, அவ்வளவுதான். சுற்றும்போது எண்ணுவது என் பழக்கம். ஐந்து சுற்றுக்கு ஓர் அங்குலம் போகும். நாற்பத்தொன்று என்றால் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு அங்குலம் இருந்தால் ஆள் நிற்கலாம். எட்டு இருந்தால் ஊரே வந்து நிற்கலாம். அன்று ஊரே வரத்தான் போகிறது. ஜனவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மாநிலப் பண்ணையிலிருந்து ட்ரவுட் மீன் லாரி வந்து குளத்தில் மீன் விடும். ஆளுக்கு ஐந்து மீன் பிடித்துக்கொள்ளலாம். கரையில் தேவாலயத்துப் பெண்கள் காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாமல் வாளியும் தூண்டிலுமாக நின்றுகொண்டிருந்தார்கள், பாதிப்பேர் பிள்ளைகளோடு.

நான் இந்த ஊர்ப் பூங்காத் துறையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். புல் வெட்டுவது, கழிப்பறை கழுவுவது, குப்பை, குளம், எல்லாம். அன்று எனக்கு விடுமுறை. முந்தின இரண்டு நாளும் விடியற்காலையிலிருந்து சாலைப் பனி தள்ளும் வண்டியில் இருந்ததால் தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கொக்கியில் ஒரு சோளமணியைக் குத்தி உள்ளே விட்டேன். அப்படியே கண்ணை மூடினால் தூங்கியிருப்பேன். கண்ணை மூடினதால்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் மரப்பெட்டிக்குள் இருக்கும் காற்று மோட்டாரின் சத்தம். எத்தனையோ தடவை நானே பிரித்து மாட்டிய மோட்டார். அதிலிருந்து ஒரு குழாய் குளத்தின் அடியில் போகும். குழாயின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தட்டு, அதில் ஊசித் துளைகள். அது வழியாகக் காற்று குமிழியாக எழும்பினால் மீன் மூச்சு முட்டிச் சாகாது. இந்த வருஷம் குளிர் மெதுவாக வந்ததால் அதைப் போடாமலே வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ஓர் அடிப் பனி விழுந்து குளத்தை மூடிவிட்டது. வெளிச்சம் உள்ளே போகாது, மீன் திணறும் என்று அன்றைக்கே போட்டிருப்பார்கள். நான் பனி வண்டியில் இருந்ததால் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி ஆறு ஆரஞ்சுக் கம்பு நட்டு, மஞ்சள் நாடா கட்டி, மெல்லிய பனிக்கட்டி என்று பலகையும் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த கர்ட்டிஸின் வேலை. அவன் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வான். பார்த்துவிட்டுத் தூண்டில் பக்கம் திரும்பினேன். மறுபடி அந்தக் கம்புகளைப் பார்த்தேன்.

தட்டு அங்கே இல்லை.

அக்டோபரில் யாரோ கெளுத்தி பிடிக்க வந்தவனுடைய கொக்கி மாட்டிக் குழாய் கிழிந்துபோயிருந்தது. கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டினேன். குழாய் குட்டையாகிவிட்டது, பழைய இடத்துக்கு எட்டவில்லை. அதனால் தட்டைக் கரைக்குப் பக்கமாக, படகுத்துறைக்கு எதிரே போட்டேன். தட்டைப் படகில் கொண்டுபோய் இறக்கும்போது இரண்டு கோடு பார்த்து வைத்துக்கொண்டேன். படகுத்துறையின் கடைசித் தூணிலிருந்து எதிர்க்கரை வில்லோ மரத்துக்கு ஒரு கோடு. கழிப்பறைக் கட்டடத்தின் மூலையிலிருந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் தட்டு. சாயங்காலம் நாலரை மணிக்கு, விரல் மரத்துப்போன கையோடு வேலைச் சீட்டை எடுத்தேன். மூன்றாவது வரியில் தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தது. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்துமூன்று வயதில், நூலகத்தின் கீழறையில், இரண்டு குளிர்காலம். எழுத வரும். ஆனால் தூணும் மரமும் மூலையும் தொட்டியும் எழுத எனக்கு அரைமணி நேரம் ஆகும். களைப்பாக இருந்தது. போன வருஷம் இருந்த இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது போன வருஷச் சீட்டிலும் நான் எழுதியதுதான், கைக்குப் பழகியிருந்தது. நாளைக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு வேலை. அதற்கு மறுநாளும் வேறு வேலை.

மோட்டாரைக் குளிரின் தொடக்கத்திலேயே போட்டால் தட்டுக்கு மேலே தண்ணீர் உறையவே உறையாது. கறுப்பாக வாய் திறந்துகொண்டு கிடக்கும், யாரும் பக்கத்தில் போகமாட்டார்கள். உறைந்த பிறகு போட்டால் கதை வேறு. அடியில் இருக்கிற தண்ணீர்தான் கொஞ்சம் வெதுவெதுப்பானது. குமிழி அதைத் தூக்கிக்கொண்டு வந்து பனிக்கட்டியைக் கீழேயிருந்து நக்கும். மேலே பனி வெள்ளையாக, பஞ்சு மாதிரி, குளம் முழுக்க ஒரே மாதிரி கிடக்கும். இரண்டு நாளில் எவ்வளவு நக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

எழுந்தேன். திருகை மட்டும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். கடைசித் தூணில் முதுகை வைத்து வில்லோ மரத்தைப் பார்த்தேன். கோட்டின் நடுவில் ஒரு சிவப்புத் தொப்பி இருந்தது. அங்கிருந்து கழிப்பறை மூலைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அந்தக் கோட்டிலும் அதே சிவப்புத் தொப்பி.

லோவெல்.

பன்றியிறைச்சி ஆலையின் வெட்டுப் பட்டறையில் ஒன்பது வருஷம் எனக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடித்தவன். முந்நூறு பவுண்டுக்குக் குறையாத உடம்பு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுத்துப் படிக்கப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்காலியில் பரந்து உட்கார்ந்து, மடியில் சின்னத் தூண்டிலோடு, மீன் காட்டும் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையிலிருந்து அவனை நோக்கி நடந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கரையில் ட்வைலா நின்றுகொண்டிருந்தாள், என் மேலதிகாரி, கையில் ஒலிபெருக்கி. அவள் அலுவலகக் கோப்பில் அந்தச் சீட்டு இருக்கிறது, என் கையெழுத்தோடு. முதலில் உண்மையா என்று பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லோவெலுக்கு முப்பது அடித் தூரத்தில் நின்று பனியைக் காலால் விலக்கித் திருகை வைத்தேன். இருபத்தாறாவது சுற்றில் இறங்கிவிட்டது.

"வாங்க புலவரே," என்றான் லோவெல் திரும்பாமலே. "மீன் எங்க இருக்குன்னு மோப்பம் புடிச்சு வந்துட்டீங்க போல."

இன்னும் பதினைந்து அடி போய், திருகை வைத்தேன். எண்ணிக்கை ஒருமுறை தவறியது, மனசுக்குள் திருத்திக்கொண்டேன். பதினாலு. மூன்று அங்குலம்கூட இல்லை.

"என்னடா, எனக்குப் பக்கத்துலயே ஓட்டை போடுற? இவ்வளவு பெரிய கொளத்துல வேற எடமே இல்லையா?"

"லோவெல், நாணல் பக்கம் வா. அங்க நல்லா கடிக்குதாம்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"யாரு சொன்னா, லைப்ரரியா?" திரையை என் பக்கம் திருப்பினான். "ஏழு மீன்டா. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி. நவம்பர்ல விட்டதுல மிச்சம் இருக்கிறது பூரா என் காலுக்குக் கீழ குடியிருக்கு. ஏன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

எனக்கும் தெரியும். காற்று இருக்கிற இடத்துக்கு மீன் வரும், மீன் இருக்கிற இடத்துக்கு ஆள் வருவான். லாரியிலிருந்து விடப்போகும் அறுநூறு மீனும் இன்னும் ஒரு மணி நேரத்தில் இங்கேதான் வந்து சேரும். பின்னாலேயே கரையில் நிற்கிற அறுபது பேரும்.

"எத்தன அங்குலம் இருந்துச்சு?"

"எது?"

"ஐஸு. நீ ஓட்டை போட்டப்ப."

"எவன் பாத்தான்." பக்கத்தில் கிடந்த புது பேட்டரித் திருகைச் செல்லமாகத் தட்டினான். "என் வீட்டுக்காரி ஜெனீன் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தது. வச்சேன், போயிருச்சு. ரெண்டே செகண்டு. தர்பூசணியில கத்தி எறங்குற மாதிரி. நீ இன்னும் அந்த மாவாட்டுற குச்சிய வச்சுச் சுத்திக்கிட்டுக் கெட."

அவன் இயந்திரத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தான். கைத்திருகாக இருந்திருந்தால் பனிக்கட்டி எவ்வளவு மெல்லியது என்று அவன் தோளே அவனுக்குச் சொல்லியிருக்கும்.

அப்போது பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். லோவெல் காலையிலிருந்து மூன்று மீன் தூக்கியதைக் கரையிலிருந்து பார்த்திருப்பாள். "இங்கதான் கடிக்குதா? நாங்களும் உக்காரலாமா?"

"தாராளமா வாங்க," என்றான் லோவெல்.

அந்த நேரத்தில் என் நாக்கில் ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்தது. கர்ட்டிஸ் கம்பைத் தப்பான இடத்துல நட்டுட்டான். அவ்வளவு சொன்னால் போதும். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. கர்ட்டிஸுக்கு இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், திட்டினால் பேசாமல் நிற்கிற பையன். என்னை இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், படிக்கத் தெரியாது என்பதை மறைத்ததற்காக. மூன்றாவது தடவை எழுதத் தெரிந்தும் தப்பாக எழுதியதற்காகப் போவது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு இருக்கும், இரண்டு மூச்சு இருக்கும். அதற்குள் லோவெலின் நாற்காலிக் கால்களைச் சுற்றிப் பனி நிறம் மாறியிருந்தது. வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறமாகி, அந்தச் சாம்பல் ஒரு வட்டமாக அவனுடைய காலணி வரைக்கும் வந்திருந்தது. தண்ணீர் மேலே ஊறுகிறது.

"லோவெல். நான் சொல்றதக் கேளு. எந்திரிக்காத."

"உக்காந்துதானே இருக்கேன்."

"காத்து மோட்டார் தட்டு உனக்கு நேர் கீழ இருக்கு. கம்பு நட்டிருக்கிற எடம் தப்பு. நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன்."

அவன் சிரித்தான். வழக்கமான சிரிப்பு, தோள் குலுங்க. பிறகு குனிந்து தன்னுடைய துளைக்குள் பார்த்தான். எனக்கு அங்கிருந்து தெரியவில்லை, ஆனால் அவன் பார்த்தது என்ன என்று தெரியும். சோடாவை ஊற்றினால் வருவதுபோலச் சின்னச் சின்னக் குமிழி. அவன் தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

"டெல்மர்," என்றான்.

ஐந்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து என் பெயர் வந்தது அப்போதுதான். அதைக் கேட்டதும் வந்த பயத்துக்கு முன்னால் அதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

நீலக் கோட்டுப் பெண்ணிடம் திரும்பினேன். "ம்மா, வந்த தடத்துலயே திரும்பிப் போங்க. ஓடாதீங்க. புள்ளைங்கள வண்டியிலருந்து எறக்காதீங்க." அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள், தன் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்தாள். பெரிய பெண் மட்டும் மீன் வேண்டும் என்று அழுதுகொண்டே போனாள்.

கரையில் லாரி வந்துவிட்டது. பின்னால் வரும்போது அது போடும் பீப் சத்தம் குளம் முழுக்க அடித்தது. கூட்டம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு அசைய ஆரம்பித்தது. எல்லோருக்கும் படகுத்துறைப் பக்கம்தான் வரவேண்டும், மீன் கொட்டுவதைப் பார்க்க. பனிக்கட்டி உடையுது என்று நான் கத்தினால் பனிக்கட்டிமேல் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஓடுவார்கள், கரையில் இருக்கிறவர்கள் பிள்ளைகளைத் தேடி உள்ளே ஓடிவருவார்கள். கர்ட்டிஸ் கையில் ஓர் எச்சரிக்கைக் கூம்போடு கரையோரம் வந்துகொண்டிருந்தான். அவனை மட்டும் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"உள்ள வராத. மோட்டார நிறுத்து. ஒருத்தரையும் உள்ள விட வேண்டாம்னு ட்வைலாகிட்டச் சொல்லு. உள்ள இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா வடக்குப் பக்கமா வரணும்."

"ஏங்க?"

"தட்டு கம்பு நட்ட எடத்துல இல்ல. லோவெலுக்குக் கீழ இருக்கு."

அவன் முகம் வெளுத்தது. "நீங்க எழுதினதப் பாத்துத்தானே நட்டேன். சீட்டோட நகல் என்கிட்ட இருக்கு."

"நீ நட்டது சரிதான். நான் எழுதினதுதான் தப்பு. போ."

அவன் ஓடினான். நான் பனியில் குப்புறப் படுத்தேன். குளிர் கோட்டைத் தாண்டி நெஞ்சில் ஏறியது. "லோவெல், நாற்காலியிலருந்து மெதுவா முன்னாடி சரிஞ்சு, முட்டி போட்டு, அப்படியே படு. கையக் கால நல்லா அகட்டிப் போட்டு, என் பக்கம் ஊந்து வா."

"என் வயித்தப் பாத்துட்டுத்தான் சொல்றியா?" வாய் கேலியாகச் சொன்னது, குரலில் கேலி இல்லை.

அவன் முட்டியை ஊன்றியபோது பனிக்கட்டி ஒரு சத்தம் போட்டது. கெட்டியான பனிக்கட்டியும் சத்தம் போடும், தூரத்து இடி மாதிரி. அதைக் கேட்டு நாங்கள் யாரும் பயப்படமாட்டோம். இது அப்படி இல்லை. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி, சின்னதாக, மிகவும் பக்கத்தில். அதே நேரத்தில் மோட்டார் நின்றது. அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. லாரிக்காரனும் வண்டியை அணைத்துவிட்டான். லோவெல் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அந்தக் கிழியும் சத்தம் இன்னொரு முறை கேட்டது, அதைக் கரையில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"போயிருவேனாடா?"

"பேசாம வா."

ஓர் அடி வருவான், நிற்பான். அவன் கன்னம் பனியில் ஒட்டியிருந்தது, மீசையில் சாம்பல் நிறத் தண்ணீர். அவன் கோட்டுக்கு அடியில் பனிக்கட்டி தாழ்வதும் எழும்புவதும் என் வயிற்றுக்குக் கீழே தெரிந்தது, தூங்குகிறவனின் நெஞ்சுமேல் படுத்திருப்பது மாதிரி. கைத்திருகை நீட்டினேன். கத்தியை என் பக்கம் வைத்துக்கொண்டு குமிழை அவன் பக்கம் தள்ளினேன். கத்தி கையுறையைத் தாண்டி உள்ளங்கையை அறுத்தது, அப்போது தெரியவில்லை. அவன் விரல் குமிழைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டுப் பிடித்தது. பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து இழுத்தேன். முன்பு இருபத்தாறு சுற்றுப் போட்ட துளை என் இடுப்புக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகும் இரண்டு பேருமே எழுந்து நிற்கவில்லை. கரை வரைக்கும் வயிற்றாலேயே வந்தோம், அறுபது பேர் பார்க்க. ஒருவரும் சிரிக்கவில்லை.

லோவெலை ஒரு வண்டியின் பின்பலகையில் உட்காரவைத்துப் போர்வை போட்டார்கள். யாரோ கொடுத்த காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நகர்ந்துகொள்ளவில்லை.

ட்வைலா வந்தாள். கையில் கோப்பு அட்டை. "எல்லாரும் வெளிய வந்தாச்சு. எண்ணிப் பாத்துட்டேன், ரெண்டு தடவ." ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். "கர்ட்டிஸ் சொன்னான். நீங்க அவன்கிட்டச் சொன்னத அப்படியே சொன்னான்."

"ஆமா."

"இத நான் மேல அனுப்பியாகணும், டெல்மர்."

"அனுப்புங்க."

"தட்டு எங்க இருக்குன்னு இப்பவே எழுதிக் குடுங்க. கம்ப மாத்தி நடணும். எந்தப் பக்கமா உள்ள போகலாம்னும் எழுதுங்க." புதுச் சீட்டு ஒன்றை அட்டையில் செருகி, பேனாவோடு என் மடியில் வைத்தாள்.

கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கை ரத்தம் தாளில் படாமல் பார்த்துக்கொண்டு மூன்றாவது வரிக்கு வந்தேன். படகுத்துறையின் கடைசித் தூண் என்று எழுத ஆரம்பித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அம்மா, அங்க மீனு," என்றாள் சறுக்கு வண்டியில் இருந்த பெரிய பெண்.

எல்லோரும் பார்த்தோம். லோவெலின் நாற்காலி அங்கேயே இருந்தது, அதன் கையில் சாத்தி வைத்த சின்னத் தூண்டிலின் நுனி தலையாட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒன்று மாட்டியிருக்கிறது. அத்தனை தூண்டில்காரர்களில் ஒருவரும் கால் எடுத்து வைக்கவில்லை. நுனி வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. பேட்டரித் திருகு பக்கத்தில் பளபளவென்று கிடந்தது, அதைச் சுற்றிலும் சாம்பல் வட்டம்.

"ஜெனீன்கிட்ட நீதான் வந்து சொல்லணும்," என்றான் லோவெல் மெதுவாக, என்னைப் பார்க்காமல்.

தூண்டில் ஒருமுறை எகிறித் துளைக்குள் நேராக இறங்கிப் போனது. அது போன பிறகு நாற்காலியின் ஒரு கால் பனிக்குள் தாழ்ந்தது, பிறகு இன்னொன்று, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் நிதானமாகச் சாய்ந்து உட்காருவதுபோல. சத்தமே இல்லை. நான் தூண் என்ற சொல்லுக்கு மேல் பேனாவை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.